கொட்டகையிலிருந்து சாலைக்கு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியர் வகுப்பில் காரை ‘மகிழுந்து’ என்றே சொல்வார். நாங்கள் வாங்கிய வண்டியை அன்று அவர் பார்த்திருந்தால், அப்பெயரைச் சற்றுத் தயங்கித்தான் உச்சரித்திருப்பார். செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில், பெரிய வீட்டின் பின்கட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் அது நின்றது. நான்கு சக்கரங்களும் காற்றிறங்கித் தரையோடு தரையாகப் படிந்திருந்தன. வெள்ளை நிறம் சாம்பல் நிறமாகியிருந்தது. உடைந்திருந்த பின்பக்கக் கண்ணாடி வழியே உள்ளே புகுந்த கோழி ஒன்று, இருக்கையில் அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அது எழுந்து போகவில்லை, “நீங்கள் யார்?” என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான்.

அது 2023ஆம் ஆண்டு மே மாதம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து, இக்கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரம். வண்டி 2007ஆம் ஆண்டில் பதிவான மாருதி 800. அந்த ரகத்தின் முதல் வண்டியின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார் என்பார்கள் வரலாறு தெரிந்தவர்கள். மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். நடுத்தரக் குடும்பத்தின் கனவாக முப்பதாண்டு ஓடி, 2014 சனவரியில் உற்பத்தி நின்றது. கனவுகளுக்கும் வயதாகும் அல்லவா? எங்கள் கைக்கு எட்டும் விலைக்கு அந்தக் கனவு வந்து சேர்ந்தபோது, அதற்கு உயிர் இல்லை. உரிய தாள்களும் இல்லை. உரிமையாளர் 2020இல் காலமாகிவிட்டார். அத்துடன் காப்பீடும் நின்றது. பதினைந்தாண்டுப் பதிவு 2022 மே 20ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. சுருங்கச் சொன்னால், சட்டத்தின் கண்ணில் அது சாலைக்கு உரிய வண்டியே அன்று.

இப்படிப்பட்ட வண்டியை வாங்க வேண்டிய தேவை என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். அதைச் சொல்ல வேண்டுமானால், நான் நான்காம் வகுப்புப் படித்த 2014ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

என் தந்தையார் கொத்தனார். ஒரு நாள் மாலை, வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் மீது ஒரு ஜீப் மோதியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. சாரத்தில் ஏறி நின்று சுவர் எழுப்பியவர், அதன்பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெட்டிக்கடை வைத்து உட்கார்ந்துவிட்டார். இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தோம். அங்கேதான் அந்த ஜீப்பின் கதை வெளிவந்தது. அதற்குக் காப்பீடு இல்லை. ஓட்டியவருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. பதிவுச் சான்றில் இருந்த பெயரோ, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. அவர் அந்த ஜீப்பை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்டார். பெயர் மாற்றும் படிவங்களில் வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டியை மறந்தும் போனார். வாங்கியவர் பெயரை மாற்றவில்லை. அவரிடமிருந்து வாங்கியவரும் மாற்றவில்லை. கை மாறிக்கொண்டே போன வண்டியில், பெயர் மட்டும் மாறாமலே இருந்தது.

தீர்ப்பு அந்த ஆசிரியர் தலையில் விழுந்தது. விற்றாலும், அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. உச்ச நீதிமன்றமும் 2018 பிப்ரவரி 6ஆம் நாள் இதே போன்றதொரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் அந்தப் பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மாதந்தோறும் தம் ஓய்வூதியத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் கட்டி வந்தார். ஒவ்வொரு முறை அந்தப் பணம் வரும்போதும் என் தந்தையார் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார். “என் காலை எடுத்தவர் அவரில்லை, ஆத்தா. ஆனா காசு குடுக்கறவர் அவரு” என்பார். இரண்டு ஆண்டு கழித்து, மீதித் தொகை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு அது இன்றைக்கும் மனத்தாங்கல்தான். அம்மா பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அரிசிப் பானைக்கு இரக்கம் தெரியாது.

நிற்க. பொய்க்கால் பொருத்தி ஆண்டுகள் ஆனபின், 2022ஆம் ஆண்டில், கால் முனையில் புண் உண்டாயிற்று. வாரம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்றிவர வேண்டும். பேருந்தின் முதற்படி அவருக்கு மலை. ஆட்டோவுக்குப் போகவர அறுநூறு ரூபாய். கடையில் வரும் வருமானம் அந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. எனவே அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்குவது என்று முடிவாயிற்று. எனக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் மாமாதான் அந்தக் கொட்டகை வண்டியைப் பற்றித் துப்புக் கொடுத்தார். விலை இருபத்தையாயிரம் ரூபாய்.

வண்டிக்காரரின் துணைவியாரை ஊரார் ஆச்சி என்றே அழைப்பார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். எங்களை முற்றத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். விலை பேசி முடிந்ததும் உள்ளே போய், ஒரு பழைய தோல் பையைக் கொண்டுவந்தார். அதில் ஆர்.சி. புத்தகம், பழைய வரி ரசீதுகள், சாவிகள் இரண்டு இருந்தன.

“தம்பி, வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க கையெழுத்து வேணுமோ அங்கெல்லாம் போட்டுத் தந்துடறேன். அப்புறம் நீங்க மாத்திக்குவீகளோ, அப்படியே ஓட்டுவீகளோ, அது உங்க பாடு. என்னை அலைய விடாம இருந்தாச் சரி” என்றார்.

மெக்கானிக் மாமாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் மகிழ்ச்சியே. என் தந்தையார் மட்டும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வேட்டியைச் சற்று ஒதுக்கி, பொய்க்காலைக் காட்டினார். ஜீப்பின் கதையைச் சொன்னார். அந்த ஆசிரியரின் கதையையும் சொன்னார். “நாளைக்கு என் மக ஓட்டும்போது யார் மேலயாவது பட்டுட்டா, தீர்ப்பாயத்திலேர்ந்து ஓலை இந்த வீட்டு வாசலுக்குத்தான் ஆச்சி வரும். அந்த வாத்தியாரை நான் பார்த்துட்டேன். இன்னொருத்தரை அப்படிப் பார்க்க என்னால முடியாது. பேரு மாறட்டும். அதுவரைக்கும் வண்டி ரோட்டுக்கு வராது” என்றார்.

ஆச்சி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி தம்பி. என்ன செய்யணுமோ சொல்லுங்க. நான் வாரேன்” என்றார்.

அன்று தொடங்கிய அலைச்சல் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. பொருளியல் மாணவி என்ற முறையில் அதன் வரிசையைச் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படலாம்.

முதல் முடிச்சு, இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை நேரே எங்கள் பெயருக்கு மாற்ற முடியாது என்பது. உரிமையாளர் இறந்தால், வாரிசு முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31இல் விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆச்சி வீட்டில் துக்கத்துக்கு நடுவே இதையெல்லாம் யார் நினைத்தார்கள்? ஆகவே இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. வாரிசுகள் மூவர்: ஆச்சி, சென்னையில் இருந்த மகன், கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகள். ஆடி மாதத்தில் குடும்பப் படைப்புக்கு மகனும் மகளும் ஊருக்கு வந்தபோதுதான் ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்துகள் கிடைத்தன. மகள் கையெழுத்துப் போடுமுன் கொட்டகைக்குப் போய், வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வந்தார். “அப்பச்சி எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்தது இந்த வண்டியிலதான்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

கொட்டகை ஏன் வெறுமையாக இருந்தது என்றால், வண்டி அதற்குள் எங்கள் தெரு மாமாவின் பட்டறைக்கு வந்துவிட்டிருந்தது. அதுவும் எப்படி வந்தது? வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து வரலாம் என்றார் மாமா. தந்தையார் ஒப்பவில்லை. முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் லாரி ஒன்றை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அமர்த்தினார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அம்மா முணுமுணுத்தார். பல்லக்கில் போகும் ஜமீன்தாரைப் போல அந்த மாருதி ஊருக்குள் நுழைந்ததைப் பார்த்துச் சிறுவர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாண்டு நின்ற வண்டியில் சாவியைப் போட்டுத் திருகிவிடக் கூடாது என்பதை அந்தப் பட்டறையில்தான் கற்றேன். மாமா முதலில் தொட்டியில் இருந்த பெட்ரோலை இறக்கினார். அது நிறம் மாறி, வார்னிஷ் வாடை அடித்தது. மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊற வைத்தார். மறுநாள் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தார். என்ஜின் சுழன்றது. “உயிர் இருக்கு, ஆத்தா!” என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அதன்பிறகே மற்றவை. பேட்டரி புதிது. டைமிங் பெல்ட் புதிது. அது பாதி வழியில் அறுந்தால் என்ஜினுக்குக் கேடு என்றார். எலி கடித்த வயரிங்கை மீட்டர் மீட்டராக மாற்றினார். பிரேக் ஆயிலை முழுதாக இறக்கிவிட்டு, இறுகிப் போயிருந்த வீல் சிலிண்டர்களைப் பிரித்துப் பழுது பார்த்தார். டயர்கள் வெடிப்புக் கண்டிருந்தன. பார்வைக்குப் பட்டன் நிறைய இருந்தாலும் நின்றே வீணான டயரை நம்பக் கூடாது என்று நான்கையும் மாற்றச் சொன்னார். அதற்குமட்டும் அம்மா காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போனது. கோழி அடைகாத்த இருக்கையை நானும் தம்பியும் சோப்புப் போட்டுத் தேய்த்தோம்.

சூலை மாதக் கடைசியில் வண்டி பட்டறைக்குள்ளேயே உறுமி, முன்னும் பின்னும் நகர்ந்தது. சாவி எங்கள் வீட்டு மாடத்தில் தொங்கியது. அப்போதுதான் அந்த இரவு வந்தது.

தந்தையாரின் கால் புண் சீழ் பிடித்து, காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மணி இரவு பதினொன்று இருக்கும். உடம்பு நடுங்கியது, பேச்சுக் குழறியது. நான் ஓடிப்போய்ச் சாவியை எடுத்தேன். ஓட்டுநர் உரிமம் எனக்கு அந்த வாரம்தான் கிடைத்திருந்தது. வண்டி ஓடுகிறது, எனக்கு ஓட்டத் தெரியும், மருத்துவமனை பதினான்கு கிலோமீட்டர், சாலையில் ஈ காக்கை இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

“வேணாம்” என்றார் தந்தையார்.

“இந்த நேரத்துல யாருப்பா பார்க்கப் போறா?” என்று கத்தினேன்.

“போலீசுக்காகச் சொல்லலை, ஆத்தா. இருட்டுல யாராவது சைக்கிள்ல வருவான்” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

அம்மா 108க்குத் தொலைபேசியில் சொன்னார். வண்டி வர இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் உள்ளத்தில் இருந்தது மதிப்பு அன்று, கோபம். அவருடைய கொள்கையைக் காட்டிலும் அவருடைய உயிர் எனக்குப் பெரிது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்து அவர் பிழைத்து வந்தார். பிழைக்காமல் போயிருந்தால், இக்கட்டுரையை வேறு விதமாக எழுதியிருப்பேன். அல்லது எழுதியிருக்கவே மாட்டேன். அவர் செய்தது சரியா என்று என்னை நானே இன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால், 2014ஆம் ஆண்டில் அந்த மாலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் யார் என்று நினைக்கும்போது, என் வாய் அடைத்துவிடுகிறது.

ஆவணி பிறந்தது. ஆச்சி பெயரில் மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுத்தோம். ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அப்போது ஆண்டுக்கு 2,094 ரூபாய், வரி தனி. இந்தக் காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். வண்டிக்குச் சேதம் வந்தால் இது ஒரு காசும் தராது. முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காக, அவரை நம் வண்டி இடித்துவிட்டால் அவர் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக, நாம் கட்டும் பணம் இது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இதற்கு வழி செய்யப்பட்டு, 1946 முதல் இந்தியாவில் இது கட்டாயம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 146ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எத்தனையோ பேர் இதை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுகிறார்கள். அந்தச் சுரைக்காய் இல்லாததால் எங்கள் வீட்டில் எத்தனை நாள் கறியில்லாமல் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 5ஆம் தேதி மறுபடியும் லாரி வந்தது. ஓடும் காரை எதற்கு லாரியில் ஏற்றுகிறீர்கள் என்று ஓட்டுநர் சிரித்தார். பதிவு காலாவதியான வண்டியாயிற்றே! முதலில் புகைப் பரிசோதனை நிலையத்தில் இறக்கினோம். என்ஜினை ஓடவிட்டு, சைலன்சரில் குழாயைச் செருகி அளந்து, ஆறு மாதத்துக்குச் சான்று கொடுத்தார்கள். அங்கிருந்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, வாரிசுப் பெயருக்கு மாற்றப் படிவம் 31. கட்டணக் கணக்கைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. பதினைந்தாண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய். மாதத்தில் ஒரு பகுதியும் ஒரு மாதமாகவே கணக்கு. பதினாறு மாதத்துக்கு 8,000. ஆகமொத்தம் 13,000. பசுமை வரியும் சில்லறைக் கட்டணங்களும் வேறு. வண்டி விலையில் பாதிக்குமேல் அரசுக்கே போயிற்று!

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்தார். முகப்பு விளக்கு, சைகை விளக்கு, ஹாரன், வைப்பர், சீட் பெல்ட் எல்லாவற்றையும் பார்த்தார். சரிவில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடச் சொன்னார். வண்டி மெல்ல நழுவியது. அடுத்து என்ஜின் அறையின் பின்சுவர்த் தகட்டில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணைப் பார்த்தார். துரு ஏறி, கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. “இந்த நம்பர்தான் வண்டிக்குப் பேரு. பேரு தெரியாத ஆளுக்கு நான் எப்படிச் சான்று குடுக்கறது? சரி பண்ணிக் கொண்டாங்க” என்றார்.

திரும்பவும் லாரி, திரும்பவும் பட்டறை. வெளியே நின்ற தரகர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “மூவாயிரம் குடு பாப்பா, வண்டியே வர வேணாம், சான்று வரும்” என்றார். லாரிக்கு ஆகும் செலவைவிட அது பெரிதன்று. ஒரு கணம் மனம் ஊசலாடியது என்பதை மறைப்பானேன்? காருக்குள் உட்கார்ந்திருந்த தந்தையாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நழுவிய கைப்பிரேக்கின் பிடியைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சான்று வந்தால் இந்தப் பிரேக் பிடித்துவிடுமா? தரகரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன்.

கைப்பிரேக் கேபிளையும் பின்சக்கரப் பிரேக் ஷூக்களையும் மாமா மாற்றினார். சேசிஸ் எண்ணைத் தேய்த்து எடுப்பது நகாசு வேலை. உப்புத்தாள் போட்டால் எண்ணும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் இரண்டு நாள் மெல்ல மெல்லத் துடைத்தேன். பிறகு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் உரசியபோது, கடைசி இரண்டு இலக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணேதான். கல்வெட்டைப் படி எடுத்த வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு அந்த மகிழ்ச்சி விளங்கும்.

இரண்டாம் முறை வண்டி தேறியது. முதலில் ஆச்சி பெயருக்கு மாறி, பதிவும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. பிறகு விற்பவர் தரும் படிவம் 29, வாங்குபவர் தரும் படிவம் 30. ஆச்சி தாமே வந்தார். ஒவ்வொரு தாளையும் என்னைப் படித்துக் காட்டச் சொல்லி, நிரப்பாத இடம் ஒன்றும் இல்லை என்று அறிந்தபிறகே கையெழுத்திட்டார். மே மாதத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்திட முன்வந்த அதே ஆச்சிதான்! பெயர் மாறியதும், காப்பீட்டையும் எங்கள் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் எழுதிக் கொடுத்தோம்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள், என் தந்தையார் பெயர் பொறித்த பதிவுச் சான்று கைக்கு வந்தது. அன்று மாலை வண்டி முதன்முதலாகத் தன் சொந்தக் கால்களால் சாலைக்கு வந்தது. தந்தையார் முன்னிருக்கையில் ஏறி, பொய்க்காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டை மாட்டினார். “எங்கே போகட்டும், ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டேன். “மொதல்ல ஆச்சி வீட்டுக்கு” என்றார்.

ஆச்சி வாசலுக்கு வந்தார். தந்தையார் சான்றை அவர் கையில் கொடுத்து, “இனிமே இந்த வண்டியால உங்களுக்கு ஒரு ஓலையும் வராது ஆச்சி” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஆச்சி நெடுநேரம் படித்தார். அதில் தம் கணவர் பெயர் இல்லை என்பதையும் அவர் படித்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. பானெட்டின் மீது ஒரு முறை கையை வைத்து எடுத்தார். பிறகு, “உள்ள வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போகலாம்” என்றார்.

இப்போது வண்டி வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போகிறது. அதன் ஆயுள் கூடக்கூடச் செலவும் கூடத்தான் செய்கிறது. இருபதாண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகிவிட்டது. அடுத்த முறை எங்கள் வண்டியும் அந்த வரிசையில் நிற்கும், கட்டத்தான் வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் பழைய வண்டி ஒன்றைத்தான் முதலில் வாங்குவோம். வாங்கும்போது பெயிண்ட்டின் பளபளப்பைப் பார்க்குமுன், சேசிஸ் எண் புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா, பதிவு எந்தத் தேதி வரை, கடன் குறிப்பு ஏதும் இருக்கிறதா, பெயரில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். விற்கும்போதோ, வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வாங்கியவருக்கு முப்பது நாள். இவ்வளவு எளிய செயலைச் செய்யாததால், குடையை ஊன்றி நின்ற ஒரு பெரியவரும், காலை இழந்த ஒரு கொத்தனாரும், ஒருவர்க்கொருவர் எந்தத் தீங்கும் செய்யாதவர்கள், ஒரே வழக்கில் எதிரெதிரே நின்றார்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. எங்கள் வண்டியின் பதிவுச் சான்றை அவரிடம் காட்ட வேண்டும் என்று தந்தையாருக்கு ஆசை இருந்தது. அது நிறைவேறவில்லை.